சான் ரோக்கே சபையின் புகார்க்காரன்

1

உதியன்குளங்கரையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் வழி சொல்லிவிடுகிறேன். கிழக்கே பார்த்து நில்லுங்கள். ஒரு கடல், அப்புறம் மலேசியா, அப்புறம் இன்னொரு கடல். அதையும் தாண்டினால் பிலிப்பைன்ஸ். அதன் ஆயிரக்கணக்கான தீவுகளில் ஒன்றின் தெற்கு விளிம்பில் எங்கள் முனிசிப்பாலிட்டி கிடக்கிறது. பெயரைச் சொன்னால் உங்கள் வாயில் நிற்காது. எனக்கே ஆறு மாதம் பிடித்தது. அதனால் பெயரை விட்டுவிடுவோம்.

நான் வில்சன். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையில் இருக்கும் பாறசாலைக்காரன். மஸ்கத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, பக்கத்து பேக்கரியில் வேலை பார்த்த மரீத்தெஸைக் கல்யாணம் செய்தேன். அவள் ஊருக்கே வந்து ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இங்கே இந்தியர் எவரானாலும் பெயர் ஒன்றுதான், பும்பாய். நான் பம்பாயைப் பார்த்ததே கிடையாது என்று முதல் இரண்டு வருடம் எல்லாரிடமும் வாதாடினேன். பிறகு கடைப் பலகையிலேயே அப்படி எழுதி வைத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு காலையில் மரீத்தெஸ் பன்சித் கிண்டிக்கொண்டிருந்தாள். பிறந்தநாளுக்குச் செய்யும் நூடுல்ஸ் அது. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். நான் வந்து இருபது வருடம் ஆகிறதாம். எனக்கு நினைவே இல்லை. அந்த இருபது வருடத்துக்குள் நான் செய்த ஒரு கோணங்கித்தனத்தை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் நல்லபடி முடிந்ததால்தான் எழுதுகிறேன். முடியாமல் போயிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

இங்குள்ளவர்கள் பேசியதை நம்மூர்ப் பேச்சில்தான் எழுதப்போகிறேன். இருபது வருடமாக என் காதில் அது அப்படித்தான் விழுகிறது.

2

முனிசிப்பாலிட்டி என்றதும் நெய்யாற்றின்கரையை மனசில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். பஸ் ஸ்டாண்ட், கோர்ட், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ வரிசை. இங்கே வந்து இறங்கியபோது முன்னால் கடல், பின்னால் மலை, நடுவில் வயல். டவுன் எங்கே என்று கேட்டேன். இதுதான் என்று மாதா கோயிலையும் சந்தையையும் முனிசிப்பல் கட்டடத்தையும் காட்டினார்கள். மூன்றும் ஒரே பார்வையில் அடங்கின.

காலையில் கடற்கரையில் மீன் வாங்கிவிட்டு, வயல் வழியாக மலையேறி, அங்கே மச்சானுடைய தோட்டத்தில் சேம்பு பிடுங்கிக்கொண்டு, மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். இவ்வளவும் ஒரே முனிசிப்பாலிட்டி. கடலோரத்தில் மீன்பிடிக்கிறவர்கள், நடுவில் நெல்லும் தென்னையும் வைத்திருப்பவர்கள், மேலே மலைக்காரர்கள். எல்லா வீட்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு, வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். அந்த விஷயத்தில் நம்மூர்ப் பக்கத்துக் காஞ்சிரங்குளமும் கொல்லயிலும் இவர்களிடம் தோற்றன.

மேயரை ஜனங்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மைப் போல மெம்பர்கள் கூடிப் பிரசிடென்டைத் தேர்ந்தெடுக்கும் இழுபறி இல்லை. முனிசிப்பாலிட்டிக்குள் பரங்காய்கள் உண்டு. கொல்லயிலில் இருக்கும் என் அக்கா லீலாவிடம் முதல்முறை இதைச் சொன்னபோது, "அது என்ன காயிலே? கூட்டு வைப்பியளா?" என்று கேட்டாள். பரங்காய் என்றால் நம் வார்டைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேப்டன், மெம்பர்கள், ஒரு செக்ரட்டரி, ஒரு சின்ன ஆபீஸ், அப்புறம் கூரை போட்ட ஒரு கூடைப்பந்து மைதானம். நெல் காயப்போடுவதும், தடுப்பூசி போடுவதும், நடனமும், சாவு வீட்டுச் சாப்பாடும் அந்த மைதானத்தில்தான். நடுவில் எப்போதாவது கூடைப்பந்தும் விளையாடுவார்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை அதே மைதானத்தில் பரங்காய் சபை கூடும். அசல் கிராம சபை. கேப்டன் மைக்கில் கணக்குச் சொல்வார், ஜனங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார்கள், கடைசியில் புகார் சொல்லலாம். எனக்கு இங்கே ஓட்டு கிடையாது. நான் இன்னும் இந்தியப் பிரஜைதான். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் குடியேற்ற ஆபீசுக்குப் போய், நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். ஆனால் சபையில் புகார் சொல்ல ஓட்டு வேண்டியதில்லை. அது தெரிந்த நாள்முதல் நான் ஒரு சபையையும் தவறவிட்டதில்லை.

என் புகார் எப்போதும் ஒன்றுதான். மைதானத்தை ஒட்டிய கான்கிரீட் ஓடை அடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீர் என் கடைக்குள் ஏறுகிறது.

3

இப்போது கோணங்கித்தனத்தின் வேரைச் சொல்ல வேண்டும். அது பாறசாலையில் இருக்கிறது.

உங்கள் வீடு கேரளத்திலா தமிழ்நாட்டிலா என்று யாராவது கேட்டால், கொத்தவேலை செய்த எங்கள் அப்பா எதிர்க்கேள்வி போடுவார். "வீட்டுல எது?" முன்வாசலும் அடுக்களையும் கேரளம். கிணறும் இரண்டு பலாவும் தமிழ்நாடு. நடுவில் ஒரு சர்வேக்கல். அதில் எங்கள் ஆடு கட்டிக் கிடக்கும். கயிறு நீளமாக இருந்ததால் ஆடு இரண்டு மாநிலத்திலும் மேய்ந்தது.

கணக்கெடுக்கவோ பட்டியல் எழுதவோ நோட்டுடன் எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும், அப்பா உட்காரவைத்துப் பால் விடாத கட்டன்சாயா கொடுப்பார். ஒருவரிடம் மலையாளம், அடுத்தவரிடம் தமிழ். இரண்டு பேருக்கும் எங்கள் எல்லாருடைய பெயரையும் வயதையும் வரிசையாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அம்மா முறைத்தால், "பேரு எழுத வந்தவன வெறுங்கையோட விடப்பிடாது. கிடக்கட்டும் ரண்டு பக்கமும்" என்பார். அவர் அதில் ஒரு கள்ளத்தனமும் நினைக்கவில்லை. மரியாதை என்றுதான் நினைத்தார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

4

இங்கே எங்கள் வீடு சான் ரோக்கே பரங்காயின் கடைசி வீடு. மாமனார் கொடுத்த இடம். வீட்டுக்குப் பின்னால் நம்மூரில் தோடு என்போமே, அப்படி ஒரு சிற்றோடை. அதுதான் எல்லை. தோட்டுக்கு அந்தப் பக்கம் சான்டா ரீட்டா பரங்காய்.

ஒரு வருடம் புயல் வந்தது. மழை விட்டு வெளியே வந்து பார்த்தால் தோடு வீட்டுக்கு முன்னால் ஓடுகிறது. பின்னால் வெறும் மணல். வீடு நின்ற இடத்தில்தான் நின்றது, எல்லை சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. மரீத்தெஸ் தலையில் கைவைத்தாள். எனக்கு, சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷமாக இருந்தது. சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நாளில் சான்டா ரீட்டாவின் சுகாதார ஊழியர் நோட்டுடன் வந்தாள். தோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் நீங்கள் இனி எங்கள் ஆட்கள் என்றாள். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். நான், மரீத்தெஸ், மகள் என்று மூன்று பேரின் பெயரையும் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். அடுத்த வாரம் சான் ரோக்கேயிலிருந்து வழக்கமாக வருகிறவள் வந்தாள். அவளுக்கும் காப்பி, அவளுக்கும் பெயர், அவளுக்கும் கையெழுத்து. மரீத்தெஸ் சந்தையிலிருந்து திரும்பி வந்து, எதற்கு இரண்டு இடத்தில் என்று கேட்டாள். கிடக்கட்டும் என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் இதே கதை. கொசுமருந்து இரண்டு தடவை அடித்தார்கள். இரண்டு புனிதர்களின் திருவிழாவுக்கும் அழைப்பு வந்தது. சுவரில் இரண்டு கேப்டன்களும் இரண்டு காலண்டரிலிருந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ராஜாவாக இருந்தேன்.

5

என் மகள் ஷீபாவுக்குப் பத்தொன்பது வயது. நிறம் என்னுடையது, வாய் அவள் அம்மாவுடையது. தமிழ் என்று பார்த்தால், அக்கா வீடியோவில் கூப்பிடும்போது "சாப்பிட்டேன் அத்தை, வாறேன் அத்தை" என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். எல்லா வாக்கியத்தின் வாலிலும் 'ஆக்கும்' போடத் தெரியும். அதைத் தவிர என்னிடமிருந்து அவள் எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அவள் தமிழ் எழுதிப் பழக நான் வாங்கிய நோட்டுகள் ஒரு எழுத்தும் படாமல் அலமாரியில் கிடக்கின்றன.

பரங்காய்க்குள் இளைஞர்களுக்கென்று தனியாக ஒரு மன்றம் உண்டு. எஸ்.கே. என்பார்கள். அதற்கும் தேர்தல், அதற்கும் தலைவர். அந்தத் தலைவருக்குப் பரங்காய்க் குழுவிலேயே ஒரு நாற்காலி. தேர்தல் வந்தபோது ஷீபா, சான் ரோக்கேயில் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாகச் சோற்றுக்கு நடுவில் சொன்னாள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்தில் தேர்தலில் நின்ற முதல் ஆள். ஒரு வாரம் கடைக்கு வந்த ஒவ்வொரு ஃபிரிட்ஜ்காரரிடமும் சொன்னேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஷீபா ஒரு கடிதத்துடன் கடைக்குள் வந்தாள். வேட்பாளர் அந்தப் பரங்காயில் ஒரு வருடமாவது குடியிருந்திருக்க வேண்டும் என்பது விதி. அவள் சான்டா ரீட்டாவில் குடியிருப்பவள் என்று எதிர்த்து நிற்கும் பையனின் மாமா ஆட்சேபம் கொடுத்துவிட்டார். ஆதாரமாக சான்டா ரீட்டாவின் பட்டியலை இணைத்திருந்தார். அதில் ஷீபாவின் பெயர். கீழே, குடும்பத் தலைவர் என்ற இடத்தில், பள்ளிக்கூட நாள்முதல் மாறாத என் கையெழுத்து. மூன்று நாளில் முனிசிப்பல் கட்டடத்தில் விசாரணை.

"அப்பா, எதுக்கு ரெண்டு பக்கமும் ஒப்பு போட்டீங்க?"

ஆட்டைப் பற்றியும் சர்வேக்கல்லைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

6

கடையிலிருந்து தோட்டைத் தாண்டி சான்டா ரீட்டாவின் கேப்டனைப் பார்க்கப் போனேன். லோரிங் அம்மாள். அறுபது தாண்டியவள், இடுப்பில் எப்போதும் ஒரு விசிறி. அவள் பரங்காயின் தடுப்பூசி ஃபிரிட்ஜை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

"எங்க பேரெல்லாம் வெட்டிருங்க அம்மா" என்றேன்.

"என்னத்துக்கு வெட்டணும்? நல்ல ஆளுகள வெட்டிட்டு நான் யார வச்சு பரங்காய் நடத்த? ஜனம் குறைஞ்சா சர்க்கார் தாற பங்கும் குறையும், தெரியுமா?"

"புள்ளைக்க காரியமாக்கும்."

அவள் விசிறியை மடக்கி இடுப்பில் செருகினாள். "விசாரணைக்கு நானும் வாறேன். அங்க வச்சுப் பேசலாம்."

அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அவள் வந்து, இவர்கள் என் ஆட்கள்தான் என்று சொன்னால் கதை முடிந்தது. திரும்பி வரும் வழியிலேயே, தோட்டின்மேல் போட்ட பலகையில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள்.

"எலே, அப்பா ரண்டு பக்கமும் பேரு குடுத்தாரு, உள்ளதுதான். ஆனா சபைக்கு எங்க போனாரு?"

"பாறசாலைக்கு."

"ஆங். கிணத்தடி அந்தப் பக்கந்தானே, அங்க ஒருநாளாவது வழக்குப் பேசினாரா? பேசல்ல. தெருவிளக்கு எரியல்லன்னு, பைப்புல வெள்ளம் வரல்லன்னு, எல்லா சண்டையும் பாறசாலை பஞ்சாயத்துலதான். நான் கேட்டேன் ஒருநாள். சாயா எங்க வேணுன்னாலும் குடுக்கலாம் மக்கா, வழக்குப் பேச ஒரு எடந்தான் வேணும்னாரு. நீ எங்கலே வழக்குப் பேசுதே?"

நான் பலகையில் நின்றபடியே யோசித்தேன். யோசிக்க ஒன்றுமே இல்லை. தோட்டைத் தாண்டி நேராக சான் ரோக்கே பரங்காய் ஆபீசுக்கு நடந்தேன்.

செக்ரட்டரி ஜுன் பழைய சபைப் பதிவு நோட்டுகளை இரும்பு அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டான். இரண்டு நோட்டைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம் எல்லாம் பத்திரமாக இருந்தன. "உம்ம பேரு தேடாண்டாம் ஓய். எல்லாத்திலயும் உண்டு" என்றான்.

7

தேர்தல் அதிகாரி கண்டிப்பான பெண்மணி. மேஜையில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கையெழுத்தின் மேலும் பென்சிலால் தட்டினாள்.

"இதுல எது உண்மை?"

"ரெண்டும்" என்றேன்.

அறையில் சிரிப்பு. ஷீபா மட்டும் சிரிக்கவில்லை. அவள் முன்வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க எடம் எது?" அதிகாரி மறுபடி கேட்டாள்.

ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக எனக்கு இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. மலையாளியா தமிழனா என்று கேட்டபோது இரண்டும் என்றேன். ஊர் எது என்று கேட்டால் வீட்டில் எது என்று கேட்கிற வீட்டில் பிறந்தவன். "சான் ரோக்கே" என்றேன். சொன்ன பிறகு, எதையோ இழந்த மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. சுமையை இறக்கிவைத்த மாதிரிதான் இருந்தது.

ஜுன் நோட்டுகளைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தான். ஒரு வருடம், பும்பாய், ஓடை அடைப்பு. அடுத்த சபை, பும்பாய், ஓடை. அடுத்தது, பும்பாய், அதே ஓடை. ஜனங்கள் கூடவே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதிகாரி கையமர்த்தினாள். "இது அப்பாவுக்க கதை. மகள் இங்க இருந்ததுக்கு என்ன உண்டு?"

ஜுன் என்னைப் பார்த்தான், ஷீபாவைப் பார்த்தான். பிறகு முழு வரியையும் வாசித்தான். 'பும்பாய், ஓடை அடைப்பு. அவர் சொன்னது புரியாததால் மகள் ஷீபா எழுந்து விளக்கினாள்.'

ஒவ்வொரு சபையிலும் அந்த வரி இருந்தது. நான் மஸ்கத்தில் கற்றது மணிலாப் பக்கத்துத் தகாலோக் பாஷை. இந்தத் தீவின் பேச்சு வேறு. ஓடையால் கடைக்குள் எறும்பு ஏறுகிறது என்று நான் என் முதல் சபையில் சொன்னது, இவர்கள் பேச்சில் பறவை ஏறுகிறது என்று ஆகிவிட்டது. சபையே கூரையைப் பார்த்தது. அப்போது பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த ஒன்பது வயது ஷீபா எழுந்து சரியாகச் சொன்னாள். அன்றிலிருந்து சபைக்குச் சபை அவள்தான் எனக்கு வாய். புயலுக்கு முன்னும் பின்னும், போன வருடம் இரண்டு முறையும். என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளை, பத்து வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் வழக்கைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

அதிகாரி லோரிங் அம்மாளைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்லுதீங்க? இவங்க உங்க பட்டியல்ல உண்டே."

லோரிங் அம்மாள் விசிறியை எடுத்து, ஆற அமர இரண்டு வீசு வீசினாள்.

"உண்டு. காப்பியும் நல்லாக் குடுப்பாரு. ஆனா எங்க சபைக்கு ஒருநாளும் வந்ததில்ல. எங்க ரோட்டுல இவரு வீட்டுக்குப் பின்னால பெரிய குழி கிடக்கு, இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. எங்க ஆளா இருந்திருந்தா என்னெ ஏசியிருப்பாரு. ஏசாத ஆள வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அவள் பேனாவை வாங்கி, எல்லார் முன்னாலும் எங்கள் மூன்று பெயரையும் ஒவ்வொன்றாக வெட்டினாள். வெட்டி முடித்து என்னிடம், "ஃபிரிட்ஜு பாக்க வருவீருல்லா?" என்றாள். வருவேன் என்றேன். ஆட்சேபம் தள்ளுபடியானது. வெளியே வந்ததும் ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஏறும்வரை விடவில்லை.

8

அவள் ஜெயித்தாள். எதிர்த்து நின்ற பையனின் மாமாவும் கைகொடுத்துவிட்டு, அடுத்த நாளே ஏசி சர்வீசுக்குக் கூப்பிட்டார்.

போன வாரம் தேர்தலுக்குப் பிந்திய முதல் சபை கூடியது. புகார் நேரம் வந்தது. வழக்கம்போல எழுந்தேன். வழக்கம்போலப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். காலி. ஷீபா முன்னால், கேப்டன் வரிசையில், மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மைதானமும் அதன் ஓடையும் இப்போது அவள் பொறுப்பாம்.

என் வாய் தனியாக நின்றது. தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அடைப்பு என்பதற்கு வார்த்தை கிடைக்காமல் கையால் காட்டினேன். அவள் எடுத்துக் கொடுப்பாள் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சபை முழுக்கக் காத்திருந்தது. கடைசியில் எப்படியோ வாக்கியத்தை முடித்தேன். கைதட்டினார்கள்.

அவள் மைக்கை இழுத்து, இவர்கள் பாஷையில் முறைப்படி நன்றி சொன்னாள். பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அப்பா, இரியுங்க. நான் பாத்துக்கிடுதேன் ஆக்கும்" என்றாள்.

ஜுன் எழுதி முடித்து நோட்டை என்னிடம் நீட்டினான். 'பும்பாய், ஓடை அடைப்பு. பதில் சொல்ல வேண்டியவர், ஷீபா.' அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். இப்போதெல்லாம் அந்த ஒரு நோட்டில் மட்டும்தான் போடுகிறேன்.